சிவப்புக் கோட்டுக்கு வெளியே

ஒரே படத்தை மூன்று அளவில் கேட்கிறவனிடம் கேமராவைக் கொடுத்து, "எங்க, நீயே எடு பாப்போம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட வேண்டும். அன்று காலை கட்டெறும்புக்கு இருந்த ஆத்திரத்தில் அதையும் செய்திருப்பாள். அண்ணன் முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கட்டெறும்பு அவளுடைய பெயர் இல்லை. தொட்டால் கடிப்பாள் என்று சின்ன வயதில் அண்ணன் வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. அண்ணன் நடத்தும் ஸ்டுடியோவில் கேமரா அவள் பொறுப்பு, வாடிக்கையாளரிடம் பல்லிளிப்பது அண்ணன் பொறுப்பு. இருவரும் அவரவர் வேலையில் கெட்டிக்காரர்கள்.

"ஹால்ல பெரிய திரைக்கு அகலமா ஒண்ணு. ஃபோனுக்கு நெட்டுக்குத்தா ஒண்ணு. அவங்க வலைத்தளத்துக்குச் சதுரமா ஒண்ணு. ஒரே தடவைல எடுத்து மூணா வெட்டிக் குடுத்துடறோம் சார்னு சொல்லிட்டேன்," என்றான் அண்ணன்.

"சொல்றதுக்கு உனக்கென்ன? வாய் உன்னோடது, கண்ணு என்னோடது."

"கோச்சுக்காதே. பெரிய இடம். வருஷம் பூரா வேலை வரும்."

பெரிய இடம் என்றது ஒரு சலவை ஆலையை. சுற்றுவட்டார மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளெல்லாம் அங்கேதான் வெளுத்து, காய்ந்து, மடிப்புக் கலையாமல் திரும்பும். போன மாதம் அங்கே ஒரு பெண்ணின் கை மெஷினில் மாட்டிக்கொண்டது. அதையொட்டித்தான் இந்தப் படம். 'பாதுகாப்பு விழிப்புணர்வு' என்று தலைப்பு வைத்திருந்தார்கள்.

ஸ்டுடியோவின் கேமரா கிழம். கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டரில் ஓர் அளவுக்கான கோடுகளைத்தான் காட்டும். அதுவும் சாம்பல் நிறத்தில். வெள்ளைத் துணி மலைபோல் குவிந்த இடத்தில் சாம்பல் கோட்டை எங்கே தேடுவது? ஆகவே கையாலேயே குறிக்க உட்கார்ந்தாள். சுவரில் ஒரு வெள்ளை அட்டையை மாட்டி, அதில் மூன்று கட்டங்களையும் ஒன்றுக்குள் ஒன்றாக வரைந்தாள். வெளிக்கட்டத்தின் நான்கு ஓரங்களும் வியூஃபைண்டரின் நான்கு ஓரங்களைத் தொடும்வரை கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தினாள். பிறகு அந்தக் குட்டித் திரையின்மேல் கண்ணாடித் தாளை ஒட்டி, உள்ளே தெரிந்த கட்டங்களை ஊசிமுனைப் பேனாவால் அப்படியே இழுத்தாள். ஃபோனுக்குச் சிவப்பு, சதுரத்துக்கு நீலம். பெரிய திரைக்குக் கோடே வேண்டாம், தெரிவதெல்லாம் அதற்குத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை இது. இங்கே மயிரிழை தப்பினால் அங்கே ஓர் ஆளின் காது போய்விடும்.

இதில் ஒன்றை மட்டும் புரிந்துகொண்டால் போதும். கோடு போட்டது எடுப்பவள் கண்ணுக்காக. கேமராவுக்குக் கோடும் தெரியாது, வேலியும் தெரியாது. எதிரே இருப்பதையெல்லாம் அது விழுங்கிக்கொள்ளும், வெட்டுவதெல்லாம் பிற்பாடுதான்.

ஆலை வாசலில் காவலாளி ஒரு பெட்டியை நீட்டி, எல்லோருடைய ஃபோனையும் வாங்கிப் பூட்டினார். வேலை நேரத்தில் ஒருவரிடமும் ஃபோன் இருக்கக் கூடாதாம், விருந்தாளியானாலும் சரி. உள்ளே சோப்பு நாற்றமும் நீராவியும் முகத்தில் அடித்தன. உருளை மெஷின் கூடத்தின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. கொதிக்கிற இரும்பு உருளைகள் சுற்றிக்கொண்டே இருக்கும். இந்தப் பக்கம் ஈர விரிப்பை ஊட்டினால் அந்தப் பக்கம் தேய்த்துக் காய்ந்து வெளியே வரும். ஊட்டுகிற வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி. கை தவறி உள்ளே போனால் முதலில் அந்தக் கம்பியில் இடிக்கும், இடித்த கணமே மெஷின் நின்றுவிடும். அதற்காகவே வைத்த கம்பி.

மேலாளர் கஞ்சி போட்ட சட்டையோடு வந்தார். அவர் கையில் மட்டும் ஃபோன் இருந்தது. அண்ணன் வைத்திருந்த மானிட்டரை எட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"என்ன தம்பி, ஊரே தெரியுது? ஃபோன்ல எது தெரியுமோ அதை மட்டும் காட்டுங்க. முதலாளி எல்லாத்தையும் ஃபோன்லதான் பாப்பாரு."

"இதோ சார், ஒரு நிமிஷம் சார்."

அண்ணன் கறுப்பு டேப்பைக் கிழித்து மானிட்டரின் இரண்டு பக்கமும் ஒட்டினான். நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு சந்து மிஞ்சியது. மேலாளருக்கு அது பிடித்துப்போனது.

அப்புறம் அந்தப் பெண்ணை அழைத்து வந்தார்கள். பத்து வருடத்துக்கு மேலாக உருளை மெஷினில் நின்றவள் என்பதால் எல்லோருக்கும் அவள் உருளை அக்கா. வலது கை முழங்கைவரை கட்டுப் போட்டு உலக்கை மாதிரி இருந்தது. அதே ஆலையில் துணி மடிக்கச் சேர்ந்த அவளுடைய தங்கை தோளைப் பிடித்துக் கூட்டிவந்து, படத்துக்காக நிறுத்தி வைத்திருந்த மெஷினுக்கு முன்னால் போட்ட ஸ்டூலில் உட்கார வைத்தாள். எந்த மெஷின் கையைத் தின்றதோ அதன் வாய்க்கு முன்னாலேயே உட்கார வைக்க வேண்டும் என்று யோசனை சொன்னவன் நன்றாக இருக்க மாட்டான் என்று கட்டெறும்பு மனதுக்குள் சபித்தாள்.

மேலாளர் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு கேமரா பக்கம் நின்றார். "சொல்லும்மா."

"அன்னைக்கு நான் ஃபோன்ல பேசிக்கிட்டே வேலை பாத்தேன்..." என்று ஆரம்பித்த உருளை அக்கா நிறுத்தினாள். "கை உள்ள போனப்போ கம்பி..."

"கம்பி கிம்பியெல்லாம் எங்கேம்மா இருக்கு இதுல? எழுதினதைச் சொல்லு போதும்."

கட்டெறும்புக்குச் சுருக்கென்றது. வாசலில் எல்லார் ஃபோனையும் வாங்கிப் பூட்டுகிற ஆலையில் இவள் எந்த ஃபோனில் பேசினாளாம்? கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தவளை அண்ணன் ஒரு பார்வை பார்த்தான். அவள் மறுபடி வியூஃபைண்டரில் கண்ணை வைத்தாள். இரண்டாம் தடவை அக்கா பாதியிலேயே நிறுத்திவிட்டாள். மூன்றாம் தடவை அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்து மேலாளரின் ஃபோன் அதிர்ந்தது. பேசிவிட்டு வந்தவரின் முகம் மாறியிருந்தது. தொழிற்சாலை ஆய்வாளர் மதியம் வருவதாக இருந்தவர், இப்போதே வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறாராம். மேலாளர் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். பிறகு மானிட்டரைக் காட்டி அண்ணனிடம் கேட்டார்.

"அந்த ஓரத்துல ஒருத்தன் நின்னா இதுல வருவானா?"

அண்ணன் மானிட்டரைப் பார்த்தான். சந்துக்குள் உருளை அக்கா மட்டும் இருந்தாள். டேப் ஒட்டினது தன் கைதான் என்பதே அந்த நிமிடம் அவனுக்கு மறந்துபோனது. சார் கேட்டால் உடனே பதில் சொல்லியாக வேண்டும், அது ஒன்றுதான் அவனுக்குத் தெரியும்.

"வரமாட்டார் சார். கவலையே வேண்டாம்."

"சரி, நீ பாட்டுக்கு வேலையைப் பாரு. சத்தம் மட்டும் வரக் கூடாது," என்று மெக்கானிக்கை அனுப்பினார் மேலாளர். "நீ சொல்லும்மா. இந்தத் தடவை ஒழுங்கா சொல்லணும். தங்கச்சியையும் கொஞ்சம் நினைச்சுக்கோ."

கட்டெறும்பு பதிவை ஓடவிட்டாள். சிவப்புக் கோட்டுக்கு உள்ளே உருளை அக்கா. கோட்டுக்கு வெளியே, இடது ஓரத்தில், மெக்கானிக் குனிந்து நின்றான். பெரிய திரைக்கான படம் கெடுகிறதே என்றுதான் அவளுக்கு முதலில் எரிச்சல் வந்தது. 'கொஞ்சம் ஒதுங்குங்க' என்று அவனிடம் சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் அவன் கையில் இருந்த குறடு தெரிந்தது. பாதுகாப்புக் கம்பியை அசையவிடாமல் மெஷினோடு சேர்த்து ஒயரால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது. அந்தக் கட்டை அவன் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"கவனக்குறைவு என்னுடையது," என்றாள் உருளை அக்கா, கேமராவைப் பார்த்து. "மெஷின்மேல ஒரு தப்பும் இல்லை."

அவள் 'மெஷின்' என்று சொன்னபோது கடைசி ஒயர் அறுந்தது. கம்பி ஒரு விரற்கடை அளவுக்குத் துள்ளித் தன் இடத்துக்கு வந்தது.

கட்டெறும்புக்கு உச்சந்தலை கொதித்தது. ஈர விரிப்பின் மடிப்பு இடித்தால்கூட மெஷின் நிற்கும். நின்றால் வேலை தாமதமாகும். வேலை தாமதமாகக் கூடாது என்று கம்பியைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். கை உள்ளே போனபோது மெஷின் நிற்கவில்லை. இப்போது அந்தக் கையின் சொந்தக்காரியையே முன்னால் உட்கார வைத்துப் பழியை அவள் வாயாலேயே சொல்ல வைத்து, அவள் முதுகுக்குப் பின்னாலேயே தடயத்தையும் துடைக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள். இவர்கள் மறைப்பதைப் படம் பிடிக்க ஆளும் வைத்திருக்கிறார்கள்.

அவள் கத்தவில்லை. கேமராவை நிறுத்தவும் இல்லை.

"சூப்பர்!" என்று கைதட்டினார் மேலாளர்.

அண்ணனும் அவளும் கேமரா ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஆய்வாளர் உள்ளே வந்தார். மெஷினைப் போடச் சொல்லிக் கம்பியைக் கோலால் அழுத்தினார். மெஷின் உடனே நின்றது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உருளை அக்கா பக்கம் திரும்பி, "மெஷின்கிட்ட நிக்கிறப்ப கவனமா இருக்கணும்மா" என்றார். உருளை அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஆளின் மேல் ட்ரைபாடைத் தூக்கிப் போடலாமா என்று கட்டெறும்புக்குத் தோன்றியது.

ஸ்டுடியோவில் படத்தைக் கணினியில் ஏற்றி முழு அகலத்தில் ஓடவிட்டாள். அண்ணன் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்று பார்த்தான். கையிலிருந்த தேநீர் ஆறிப்போனது.

"இது எப்படி உள்ள வந்துச்சு?" என்றான் கடைசியில்.

"எதிர்ல இருந்துச்சு, வந்துச்சு. வரமாட்டார் சார், கவலையே வேண்டாம்னு சொன்னது யாரு?"

"டேப்பைப் பாத்துச் சொல்லிட்டேன்டி..." அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஃபோனுக்கான படத்தை மேலாளருக்கு அனுப்பிட்டேன். நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு. அகலமான படத்தை அவர் பாக்க மாட்டாரு, நேரா ஆலையில தொழிலாளிங்க கூட்டத்துலதான் போடணும். நீ என்ன பண்ணு, அதைக் கொஞ்சம் பெருசாக்கிப் போடு. ஓரமெல்லாம் வெளிய போயிடும்."

"மங்கிப் போகும்."

"மங்கினா மங்கட்டும்."

"அந்தக் கூட்டத்துல ஆய்வாளர் உக்காந்திருப்பாரு. அக்கா தன் வாயால சொன்னதைக் கேட்டுட்டு, தப்பு அவ மேலதான்னு எழுதி முடிச்சிடுவாரு. அப்புறம் அவளுக்கு வைத்தியமும் கிடையாது, வேலையும் கிடையாது. கையும் கிடையாது. அது உனக்கு மங்கினா பரவாயில்லையா?"

"ஊர்ல இருக்கற அநியாயத்தையெல்லாம் தட்டிக் கேக்க நாம யாரு? நாம வயித்துப்பாட்டுக்குப் படம் எடுக்கறவங்க."

"அவளும் வயித்துப்பாட்டுக்குத்தான் விரிப்பு ஊட்டினா."

அண்ணன் கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் தேநீர் விசைப்பலகையில் தெறித்தது. இருவரும் சண்டையை விட்டுவிட்டுத் துணியைத் தேடி ஓடினார்கள். துடைத்து முடித்ததும் அண்ணன், "பெருசாக்கிப் போடு. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

அவளுக்கு முழுப் படத்தையும் அப்படியே போட்டுவிடக் கை துறுதுறுத்தது. ஆனால் 'தங்கச்சியையும் நினைச்சுக்கோ' என்று மேலாளர் சொன்னது காதிலேயே நின்றது. ஆத்திரம் இவளுடையது, அடி விழப்போவது வேறொருத்தி முதுகில். கேட்காமல் செய்தால் மேலாளருக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

உருளை அக்காவின் வீடு மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. அக்கா கட்டிலில் கையைத் தலையணைமேல் வைத்துச் சாய்ந்திருந்தாள். தங்கை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கட்டெறும்பு சொல்ல வந்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டுப் படத்தை ஓடவிட்டாள். முதல் தடவை அக்கா தன் முகத்தைத்தான் பார்த்தாள், எல்லோரும் அப்படித்தான். "இன்னொரு தடவை போடு" என்றாள். இரண்டாம் தடவை ஓரத்தைப் பார்த்தாள்.

"என் முதுகுக்குப் பின்னாடியா?"

"ஆமாக்கா."

"நீ இதை அப்பவே பாத்தியா?"

கட்டெறும்பு தலையசைத்தாள்.

"பாத்துக்கிட்டே இருந்தியா? நான் அழுதுக்கிட்டே பொய் சொல்றேன், இவன் பின்னாடி அறுத்துக்கிட்டு நிக்கிறான், நீ ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டு வேடிக்கை பாத்தியா?" அக்காவின் குரல் உயர்ந்தது. "நிறுத்துங்கடான்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் இல்லையா? ஆய்வாளர் அஞ்சு நிமிஷத்துல வந்து நின்னாரே, அவர்கிட்டயாவது சொன்னியா?"

கடித்துப் பழகியவளுக்குக் கடி வாங்கிப் பழக்கமில்லை. காது மடல் சூடாகி, கண்ணில் நீர் முட்டியது. சமாதானம் சொல்ல நாலு காரணம் இருந்தது. ஒன்றும் அந்தக் கையின் முன்னால் நிற்கவில்லை.

"சொல்லலைக்கா. தப்புதான்."

"தப்புதான்," என்றாள் அக்கா. "இப்ப எதுக்கு வந்தே?"

"கூட்டத்துல முழுசாப் போடலாமான்னு கேக்க வந்தேன்."

"வேண்டாம்!" பாத்திரத்தைப் போட்டுவிட்டுத் தங்கை ஓடி வந்தாள். கையெல்லாம் சோப்பு நுரை. "வேண்டாம்க்கா. நான் இருக்கற வரைக்கும் உன்னை நான் பாத்துக்கறேன். எழுதிக் குடுத்ததைச் சொன்னா என் வேலையில கை வைக்க மாட்டோம்னு சொல்லியிருக்காங்கல்ல? இருக்கறதையும் கெடுத்துக்க வேண்டாம்."

அக்கா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "மடிக்கிற வேலைதானே? எங்கதான் போயிடும்?"

தங்கை நுரைக் கையைப் புடவையில் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

"எங்கே போட்டிருக்காங்க உன்னை?"

"உருளைக்கு," என்றாள் தங்கை, கேட்டும் கேட்காத குரலில். "நீ இல்லாததால ஆள் பத்தலையாம். போன வாரத்துலேர்ந்து."

"ஏன்டி என்கிட்ட சொல்லலே?"

"சொன்னா தூங்க மாட்டே."

"கம்பி வேலை செய்யுதா?"

தங்கை தலையைக் குனிந்தாள். "ஆய்வாளர் போனதும் மறுபடி கட்டிட்டாங்க."

உருளை அக்கா நல்ல கையால் தங்கையின் வலது கையை எடுத்து, ஈரத்தோடு தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகத் தொட்டாள். தொடத் தொட அவள் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"பொய் சொன்னா உன்னை விட்டுடுவாங்கன்னு நம்பினேனே. பாவி! என்னைப் பொய் சொல்ல வச்சிட்டு, உன்னையே கொண்டுபோய் அந்த வாயில நிக்க வச்சிருக்கான்." கட்டெறும்பின் பக்கம் திரும்பினாள். "போடு. முழுசாப் போடு. நான் சொன்ன பொய்யையும் வெட்டாதே. நானும் வரேன் அந்தக் கூட்டத்துக்கு."

கூட்டம் ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மேசைகளை ஓரம் தள்ளி, சுவர் அகலத்துக்குத் திரை கட்டியிருந்தார்கள். தொழிலாளர்கள் வேலை உடுப்போடு வந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் ஆய்வாளர். கடைசி வரிசையில் உருளை அக்காவும் தங்கையும். அண்ணன் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து, "பெருசாக்கிட்டேல்ல?" என்று கிசுகிசுத்தான்.

"மங்கலா இருக்காது, பயப்படாதே," என்றாள் கட்டெறும்பு. அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

படம் ஓடத் தொடங்கியது. மேலாளர் திரைக்குப் பக்கத்தில் கூட்டத்தைப் பார்த்து நின்றார். படம்தான் ஏற்கனவே பார்த்தாயிற்றே, அவருக்குப் பார்க்கிறவர்களின் முகம்தான் வேண்டியிருந்தது. முகங்கள் முதலில் நடுவில் இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக இடது பக்கம் சாய்ந்தன. கொஞ்ச நேரத்தில் கூடம் மொத்தமும் ஒரே மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏய், ஓரத்துல பாரு! ஒயரை அறுக்கறான் பாரு!" என்று யாரோ கத்தினார்கள்.

மேலாளர் திரும்பினார். சுவர் உயரத்துக்கு மெக்கானிக் குனிந்து நின்றான். திரையிலிருந்த உருளை அக்கா, "கவனக்குறைவு என்னுடையது" என்று சொன்னாள்.

"டேய்!" மேலாளர் அண்ணனைப் பார்த்துக் கத்தினார். "நிறுத்துடா அதை!"

உண்மையைச் சொல்ல வேண்டும். அண்ணனின் விரல் அதற்கு முன்னாலேயே பொத்தானுக்குப் போயிருந்தது. அவர் இன்னும் ஒரு நொடி சும்மா இருந்திருந்தால் படம் நின்றிருக்கும். ஆனால் அந்த 'டேய்' அவன் கன்னத்தில் அறைந்த மாதிரி விழுந்தது. ஆயுசு பூராவும் சார் சார் என்று குழைந்தது, ஒரு நாளாவது தன்னை யாராவது சார் என்பார்கள் என்றுதான். இருநூறு பேர் முன்னால் கிடைத்தது டேய்.

"யாரைப் பாத்து டேய்ங்கறே?" அண்ணன் எழுந்துவிட்டான். "நீ கேட்ட அளவு, நீ கேட்ட படம். உக்காந்து பாரு!"

நியாயத்துக்காக எழுந்தான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ரோஷத்துக்காக எழுந்தான். எதற்காக எழுந்தால் என்ன, படம் கடைசிவரை ஓடியது.

கூடம் முழுக்க ஒரே இரைச்சல். அதற்கு நடுவில் உருளை அக்கா எழுந்து முன்னால் நடந்தாள். கட்டுப் போட்ட கைக்கு எல்லோரும் வழிவிட்டார்கள்.

"அந்தப் படத்துல பேசினது என் வாய்தான்," என்றாள் ஆய்வாளரிடம். "சொல்லச் சொன்னவர் இதோ நிக்கிறார். என்கிட்ட ஃபோன் இல்ல சார். இங்க யார்கிட்டயும் இருக்காது, வாசல்ல கேட்டுப் பாருங்க. கை உள்ள போனப்போ கம்பியில இடிச்சேன். நல்லாவே இடிச்சேன். நிக்கல. அன்னைக்குக் கட்டியிருந்த மாதிரியே இப்பவும் கட்டியிருக்கு. என் தங்கச்சி அதுலதான் நிக்கிறா."

ஆய்வாளரின் முகம் சுண்டிப்போயிருந்தது. அன்றைக்குக் கோலால் அழுத்திப் பார்த்துவிட்டு அறிவுரை சொன்னது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். எழுந்து மெஷின் கூடத்துக்கு நடந்தார். பின்னாலேயே கூட்டம் மொத்தமும் போனது. கட்டெறும்பும் ஓடினாள்.

கம்பியில் புது ஒயர் பளபளத்தது.

"ரிப்பேருக்காக இன்னைக்குக் காலைலதான் சார் லேசா கட்டினாங்க," என்றார் மேலாளர். கஞ்சிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "கட்டினாலும் கம்பி வேலை செய்யும். கை பட்டா நிக்கும்."

"நிக்குமா?"

"கண்டிப்பா நிக்கும் சார்."

"மெஷினைப் போடுங்க," என்றார் ஆய்வாளர். உருளைகள் சுற்றத் தொடங்கின, சூடு முகத்தில் அடித்தது. அவர் மெக்கானிக்கிடம் திரும்பினார். "கையை வச்சு அழுத்திக் காட்டுங்க."

மெக்கானிக் ஓரடி முன்னால் வந்தான். உருளையைப் பார்த்தான், மேலாளரைப் பார்த்தான், உருளை அக்காவின் கைக்கட்டைப் பார்த்தான். அப்புறம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் மாட்டேன் சார். எனக்குப் பிள்ளைங்க இருக்காங்க."

"அப்போ நீங்க வாங்க," என்றார் ஆய்வாளர் மேலாளரிடம். "கை பட்டா நிக்கும்னு சொன்னீங்களே."

மேலாளர் அசையவில்லை. அவர் கைகள் அவரைக் கேட்காமலேயே கால்சட்டைப் பைக்குள் போய்விட்டன. ஆய்வாளர் காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். மெஷின் மட்டும் வெறும் வாயை மென்றுகொண்டிருந்தது.

"வைங்க சார்," என்றாள் உருளை அக்கா. "தினமும் நாங்க வச்ச இடம்தான்."

அவர் வைக்கவில்லை. தங்கைதான் போய் மெஷினை நிறுத்தினாள்.